வலைப்பக்கத்துக்குள் ஒரு செயலி: பழைய 'ஆப்லெட்' பெட்டி ஏன் திறப்பதில்லை? இன்று எப்படிப் பொருத்துவது?

பாடத்துக்காகப் பழைய இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கிறீர்கள். எழுத்து வந்துவிட்டது, படமும் வந்துவிட்டது. நடுவில் மட்டும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதற்குள் ஆதரவு இல்லை என்று ஒரு வரி இருக்கும். சில பக்கங்களில் அதுகூட இருக்காது, வெறும் வெள்ளைதான். மின்சுற்றில் விளக்கை எரியவிட்டுப் பார்க்கும் பரிசோதனையோ, முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் கணிதப் படமோ, எதுவாக இருந்தாலும் அது அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

உங்கள் கணினியில் கோளாறு இல்லை. லைனிலும் கோளாறு இல்லை. அந்தப் பெட்டியை இயக்கிய தொழில்நுட்பத்தையே உலாவிகள் கைவிட்டுவிட்டன. அதன் பெயர் ஜாவா ஆப்லெட்.

செத்துப்போன ஒன்றைப் பற்றி இப்போது எதற்குப் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. நெகிரி செம்பிலானில் கோலா சாவா, ரந்தாவ் மாதிரி செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 150-க்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் பள்ளியை நம் கல்வி அமைச்சு 'செகோலா கூராங் மூரிட்' என்று வகைப்படுத்துகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பல இந்த வகைதான். அப்படிப்பட்ட பள்ளியில் வலைப்பக்கம் செய்யத் தனியாக ஓர் ஆளை எதிர்பார்க்க முடியாது. பாடம் நடத்தும் ஆசிரியரே செய்வார். இல்லையென்றால் பல்கலைக்கழகத்தில் படிக்கும் முன்னாள் மாணவரைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தச் சோதனையை நம்ம பக்கத்துல வர்ற மாதிரி போட்டுக் கொடுப்பா" என்பார். அந்தத் தம்பியோ தங்கையோ நீங்களாக இருக்கலாம். அப்போது செய்யும் ஒரு சின்னத் தேர்வுதான், அப்பாவின் ஹேண்ட்போனில் டாப்-அப் போட்டுப் படிக்கும் ஓர் ஐந்தாம் ஆண்டு மாணவி அந்தச் சோதனையைச் செய்து பார்ப்பாளா, இல்லை சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தை மட்டும் பார்ப்பாளா என்பதை முடிவு செய்கிறது.

ஆப்லெட் என்பது என்ன?

'அப்ளிகேஷன்' என்ற சொல்லைச் சிறிதாக்கினால் 'ஆப்லெட்'. தனியாக ஓடாமல், வலைப்பக்கத்துக்குள் ஒரு செவ்வகத்தில் ஓடும் குட்டிச் செயலி.

1995 மே மாதம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவா மொழியை உலகத்துக்கு அறிவித்தது. ஜேம்ஸ் காஸ்லிங் தலைமையில் உருவான மொழி அது. அதுவரை வலைப்பக்கம் என்றால் எழுத்து, படம், இணைப்பு, அவ்வளவுதான். பக்கத்துக்குள் ஒன்று அசைந்தது, சொன்னபடி கேட்டது என்றால் அன்றைக்கு அது பெரிய விஷயம். நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பு ஜாவாவை ஏற்றுக்கொண்டதும் ஆப்லெட் எங்கும் பரவியது.

பொருத்தும் முறை எளிமையானது. பக்கத்தின் எச்டிஎம்எல்-இல் 'ஆப்லெட்' என்றொரு குறி. அதற்குள் மூன்று விவரங்கள் கட்டாயம்: எந்த நிரலை ஓட்ட வேண்டும், எத்தனை புள்ளி அகலம், எத்தனை புள்ளி உயரம். உலாவி அந்த அளவுக்கு ஒரு செவ்வகத்தை ஒதுக்கிவிட்டு, நிரலைச் சர்வரிலிருந்து இறக்கி, உங்கள் கணினியில் உள்ள ஜாவாவிடம் ஒப்படைக்கும். அதன் பிறகு அந்தச் செவ்வகத்துக்குள் நடப்பது உலாவியின் வேலை இல்லை, ஜாவாவின் வேலை. இந்த ஒப்படைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆப்லெட்டின் வளர்ச்சி, முடிவு இரண்டுக்கும் காரணம் இதுதான்.

ஏன் பொட்டலமாகக் கட்டினார்கள்?

ஜாவாவில் எழுதும் நிரல் ஒரே கோப்பாக இருக்காது. பொத்தானுக்கு ஒரு 'கிளாஸ்' கோப்பு, வரைபடத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று சிதறிக் கிடக்கும். படங்கள், ஒலிகள் வேறு. ஆரம்ப கால ஆப்லெட் இவற்றை ஒவ்வொன்றாகச் சர்வரிடம் கேட்டு வாங்கியது. அதிலும் எது எப்போது தேவைப்படுகிறதோ அப்போதுதான் கேட்கும். ஒன்று வந்து சேர்ந்து, அது ஓடி, "எனக்கு இன்னொன்று வேண்டும்" என்றால் மறுபடியும் ஒரு பயணம்.

நாசி லெமாக் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சோற்றை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, சம்பலுக்கு மறுபடி கடைக்கு, பிறகு நெத்திலிக்கு, பிறகு முட்டைக்கு. அடுத்த வீடே கடை என்றால் பரவாயில்லை. கடை ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால்? உணவின் எடை ஒரு பொருட்டே இல்லை, நடைதான் ஆளைக் கொல்லும்.

இணையத்திலும் இப்படித்தான். ஒரு கோப்பைக் கேட்டுப் பதில் வரத் தொடங்குவதற்கு அரை விநாடி என்று கணக்கு வைத்தால், 40 கோப்புக்கு 20 விநாடி காத்திருப்பிலேயே போய்விடும். கோப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்த 20 விநாடி குறையாது. இது போக இறக்கும் நேரம். 1990-களின் பின்பாதியில் 1515 என்ற எண்ணைச் சுழற்றி டிஎம்நெட்டில் நுழைந்தவர்களைக் கேட்டால் அந்த மோடம் போட்ட கூச்சலைப் பற்றிச் சொல்வார்கள். 28.8 கேபிபிஎஸ் மோடம் என்றால் விநாடிக்கு அதிகபட்சம் 3.6 கிலோபைட்தான். 100 கிலோபைட் ஆப்லெட்டுக்கு அரை நிமிடத்தை ஒட்டி ஆகும். நடுவில் யாராவது வீட்டுத் தொலைபேசியைத் தூக்கினால் எல்லாம் முதலிலிருந்து.

1997 பிப்ரவரியில் வந்த ஜாவா 1.1 இதற்கு ஒரு வழி செய்தது. அதுதான் 'ஜார்' கோப்பு. ஜாடி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். ஜாவா, ஆர்கைவ் என்ற இரண்டையும் சேர்த்த சுருக்கமும் அதுவே. உள்ளே பார்த்தால் நமக்குத் தெரிந்த ஜிப் கோப்பேதான். எல்லா கிளாஸ் கோப்புகளும் படங்களும் சுருக்கப்பட்டு ஒரே பொட்டலத்தில் இருக்கும். கூடவே 'மேனிஃபெஸ்ட்' என்றொரு சீட்டு, உள்ளே என்ன இருக்கிறது, எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்வதற்கு. பக்கத்தில் செய்ய வேண்டியது ஒரே ஒரு மாற்றம்: ஆப்லெட் குறிக்குள் 'ஆர்கைவ்' என்ற இடத்தில் அந்த ஜார் கோப்பின் பெயரைப் போட வேண்டும். 40 நடை ஒரே நடையாகிவிடும். டாப்பாவ் செய்த மாதிரி, ஒரே கட்டு.

இங்கேதான் பலரும் மாட்டிக்கொண்டார்கள். பொட்டலத்தின் பெயர் வேறு, அதற்குள் முதலில் ஓட வேண்டிய நிரலின் பெயர் வேறு. குறியில் இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் ஓடாது. நிரல் ஒரு கோப்புறைக்குள் இருப்பதாக எழுதப்பட்டிருந்தால், பொட்டலத்துக்குள்ளும் அதே கோப்புறை அதே பெயரில் இருக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் வருவது அதே சாம்பல் நிறப் பெட்டிதான். கீழே மூலையில் 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்' என்று சின்னதாக ஒரு வரி.

இந்தக் குறிக்கு ஆயுள் கம்மி என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. 1997 ஜனவரியில் எச்டிஎம்எல் 3.2 தரநிலை ஆப்லெட் குறியை முறைப்படி ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0, "இதை இனி தவிர்க்கவும், 'ஆப்ஜெக்ட்' குறியைப் பயன்படுத்தவும்" என்றது. யாரும் கேட்கவில்லை என்பது வேறு கதை.

ஒரே செயலி, மூன்று பெட்டிகள்

உங்களில் பலருக்கு ஸ்கிராட்ச் தெரிந்திருக்கும். ஆரஞ்சு நிறப் பூனை, வண்ணக் கட்டைகளை ஒட்டி நிரல் எழுதுவது. அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் உருவாக்கியது. பொட்டலம் கட்டி வலைப்பக்கத்தில் பொருத்துவது எப்படி மாறியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

2007-இல் ஸ்கிராட்ச் தளம் பொதுமக்களுக்குத் திறந்தபோது, பிள்ளைகள் செய்த விளையாட்டை உலாவியில் ஓட்டிக் காட்டியது ஒரு ஜாவா ஆப்லெட். ஆட்டக்காரன் ஒரு ஜார் கோப்பு. ஓட வேண்டிய விளையாட்டு இன்னொரு கோப்பு. அதன் பெயரை ஆப்லெட்டுக்கு ஒரு துணை விவரமாகக் கொடுத்துவிட்டால் போதும். எந்த வலைப்பக்கத்திலும் உங்கள் விளையாட்டைப் பொருத்தலாம். 2013 மே மாதம் இரண்டாம் பதிப்பு வந்தது. ஜாவா போய் ஃபிளாஷ் வந்தது. 2019 ஜனவரி 2-ஆம் தேதி மூன்றாம் பதிப்பு. ஃபிளாஷும் போனது. உலாவிக்குள்ளேயே இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் போதும் என்றாகிவிட்டது. (ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒன்றல்ல. பெயர் ஒற்றுமை அன்றைய விளம்பர உத்தி. முப்பது வருடமாக மாணவர்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறது.)

பூனை அதே பூனை. பிள்ளை எழுதிய விளையாட்டும் அதே மாதிரி ஒரு பொட்டலம்தான். இன்றைய ஸ்கிராட்ச் கோப்பையும் ஜிப் ஆக்கித் திறந்தால் உள்ளே படங்களும் ஒலிகளும் ஒரு விவரக் கோப்பும் இருக்கும். மாறியது, பெட்டியை யார் இயக்குகிறார்கள் என்பது மட்டும்.

கணிதத்துக்கான ஜியோஜீப்ரா, அறிவியலுக்கான ஃபெட் ஆகியவையும் இதே பாதையில் வந்தவைதான். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்டர் 2001-இல் தொடங்கிய ஜியோஜீப்ரா பல ஆண்டு ஜாவா ஆப்லெட்டாகவே பள்ளிப் பக்கங்களில் ஓடியது. 2001-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட் திட்டத்தைத் தொடங்கினார். அதன் பழைய சோதனைகள் ஜாவாவிலும் ஃபிளாஷிலும் இருந்தன. இப்போது ஒவ்வொன்றாக எச்டிஎம்எல்5-க்கு மாற்றப்பட்டிருக்கின்றன, பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

அப்புறம் ஏன் நிறுத்தினார்கள்?

அந்த ஒப்படைப்புதான் காரணம். செவ்வகத்தை ஜாவாவிடம் கொடுத்த பிறகு உலாவிக்கு அதன் மேல் பிடி இல்லை. ஜாவாவைத் தயாரித்தவர்களுக்கும் இந்த ஆபத்து தெரியும். அதனால் ஒரு வேலி போட்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஆப்லெட் உங்கள் கணினியின் கோப்புகளைத் தொடக்கூடாது. எந்தச் சர்வரிலிருந்து வந்ததோ அதனோடு மட்டும்தான் பேசலாம். வேலியைத் தாண்ட வேண்டும் என்றால் ஜார் கோப்பில் இலக்கக் கையொப்பம் இருக்க வேண்டும், பயனர் சம்மதம் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் வேலியில் ஓட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. 2012-இல் ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல் ஜாவாவின் ஓர் ஓட்டை வழியாக ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேக் கணினிகளில் புகுந்தது. 2013 ஜனவரியில் அமெரிக்க அரசின் கணினி அவசரக் குழுவே, உலாவியில் ஜாவாவை அணைத்து வையுங்கள் என்று அறிவுரை சொல்லும் நிலை வந்தது.

2014 ஜனவரியில் வந்த ஜாவா மேம்பாடு, கையொப்பமில்லாத ஆப்லெட்டைச் சாதாரண அமைப்பில் ஓடவே விடவில்லை. இது பெரிய நிறுவனங்களைப் பாதிக்கவில்லை. பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். அடிபட்டது ஆசிரியர்கள். ஓய்வு நேரத்தில் இயற்பியல் ஆப்லெட் எழுதி இலவசமாகப் போட்டிருந்தவர் எதற்குச் சான்றிதழ் வாங்கப் போகிறார்? அந்தப் பக்கங்கள் ஓசையில்லாமல் அணைந்தன.

மீதியைக் கைப்பேசி முடித்து வைத்தது. ஐஃபோன் உலாவியிலும் ஆண்ட்ராய்டு உலாவியிலும் ஜாவா ஆப்லெட் என்றைக்குமே ஓடியதில்லை. வீட்டில் இருக்கும் ஒரே கணினி கைப்பேசிதான் என்ற குடும்பங்களுக்கு ஆப்லெட் பிறக்கவே இல்லை என்று சொன்னாலும் தப்பில்லை. 2015 செப்டம்பரில் குரோம் முழுவதுமாகக் கதவை மூடியது, 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ். 2018-இல் வந்த ஜாவா 11-இல் உலாவிச் செருகுநிரலே இல்லை.

இந்தியாவில் இதன் வலியை வேறு விதமாக உணர்ந்தார்கள். அங்கே அரசு டெண்டர், வரித் தாக்கல் தளங்கள் சிலவற்றில் இலக்கக் கையொப்பம் போடும் வேலையை ஆப்லெட்தான் செய்துகொண்டிருந்தது. உலாவிகள் கைவிட்டதும், அந்த ஒரு வேலைக்காகவே பழைய உலாவியை ஒரு கணினியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். பிறகுதான் தனி மென்பொருள் வந்தது.

நமக்கு அந்த அடி ஃபிளாஷில் விழுந்தது, அதுவும் மோசமான நேரத்தில். ஃபிளாஷுக்கு அடோபி குறித்த கடைசி நாள் 2020 டிசம்பர் 31. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் உள்ளடக்கம் ஓடாமல் தடுக்கப்பட்டது. எட்டு நாள் கழித்து, ஜனவரி 20-ஆம் தேதி, பெரும்பாலான மாணவர்களுக்குப் புதிய பள்ளித் தவணை இல்லிருப்புக் கற்றலாகத் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த ஃபிளாஷ் பாடங்களைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து திறக்க வேண்டிய அதே மாதத்தில் அவை திறக்கவில்லை.

சரி, இன்று எப்படிப் பொருத்துவது?

இரண்டு வழிகள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரித்தான் தெரியும். ஆனால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

ஒன்று 'ஐஃப்ரேம்'. உங்கள் பக்கத்தில் ஒரு சன்னல் வைத்து, அதற்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டுவது. அந்தப் பக்கம் வேறு தளத்தில் இருந்தால், அது உங்கள் பக்கத்தில் உள்ள எழுத்தையோ படிவத்தில் மாணவர் தட்டிய பெயரையோ படிக்க முடியாது. உலாவியே நடுவில் சுவர் வைத்திருக்கிறது. 'சாண்ட்பாக்ஸ்' என்ற விவரத்தைச் சேர்த்தால் சுவர் இன்னும் உயரும். எதை அனுமதிக்கலாம் என்று நீங்களே ஒவ்வொன்றாகச் சொல்லலாம். ஆப்லெட் காலத்து வேலியைச் செருகுநிரலிடம் விடாமல் உலாவியே தன் கையில் எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று 'ஸ்கிரிப்ட்' குறி. இது சன்னல் இல்லை, வீட்டுச் சாவி. அடுத்தவர் நிரல் உங்கள் பக்கத்தோடு கலந்து, உங்கள் பெயரிலேயே ஓடும். பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் படிக்கலாம், மாற்றலாம். 2024-இல் நடந்ததைப் பாருங்கள். 'பாலிஃபில்' என்ற உதவி நிரலை லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் ஒரு வெளி முகவரியிலிருந்து ஸ்கிரிப்ட்டாக இழுத்துக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு பிப்ரவரியில் அந்த முகவரி கைமாறியது. ஜூன் மாதம், அங்கிருந்து வரும் நிரலில் தீநிரல் கலந்திருப்பது வெளியானது. அந்தத் தளங்களின் உரிமையாளர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, எதையும் மாற்றவும் இல்லை. மாறியது சாவி வைத்திருந்த ஆள்.

அதனால் என் கருத்து இதுதான்: பள்ளிப் பக்கம் என்றால் ஐஃப்ரேம் போதும். ஸ்கிரிப்ட்டாகத்தான் சேர்க்க வேண்டும் என்று ஒரு தளம் சொன்னால், அந்த நிரலை இறக்கி உங்கள் இடத்திலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள். ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம்: இறக்கிய பிரதி உங்கள் தளத்திலிருந்தே வருவதால் அதற்கு முன்னால் அந்தச் சுவர் இருக்காது. நம்பகமான இடத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

'டெலிமா' கணக்கு வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு கூகல் சைட்ஸ் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதில் இன்சர்ட், பிறகு எம்பெட். முகவரியை ஒட்டினால் போதும், ஐஃப்ரேமை அதுவே செய்துகொள்ளும். ஃபெட் தளத்தில் சோதனையின் முகவரி அதன் கோப்புப் பெயரில் முடியும். ஆங்கிலப் பதிப்பு என்றால் கடைசியில் 'ஈஎன்' என்ற இரண்டெழுத்து இருக்கும். தமிழ் மொழிபெயர்ப்பு உள்ள சோதனைகளில் அந்த இடத்தில் 'டிஏ' என்று வரும். இது தெரியாமல், தமிழ்ப் பதிப்பு இருந்தும் ஆங்கிலத்தையே போட்டுவிடுபவர்கள் உண்டு.

நீங்களே எச்டிஎம்எல் எழுதினால் சில விஷயங்களைக் கவனியுங்கள். அகலத்தைப் புள்ளியில் கட்டிப்போடாமல் நூறு விழுக்காடு என்று கொடுங்கள். ஆப்லெட் காலத்தில் 600 புள்ளி என்று எழுதியது மேசைக் கணினிக்குச் சரி, கைப்பேசியில் பாதி வெட்டுப்படும். 'டைட்டில்' விவரத்தில் சோதனையின் பெயரை எழுதுங்கள், பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துக் காட்டும். ஐஃப்ரேமை 'லேஸி' முறையில் ஏற்றச் சொன்னால், மாணவர் பக்கத்தை நகர்த்தி அந்த இடத்துக்கு வரும்போதுதான் டேட்டா செலவாகும். ஒரே பக்கத்தில் ஐந்து சோதனை போடும்போது இது ரொம்ப முக்கியம்.

எல்லாம் சரியாகச் செய்தும் பெட்டி காலியாக இருக்கிறதா? பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றுதான். உங்கள் பக்கம் எச்டிடிபிஎஸ்-இல் இருந்து, உள்ளே வைத்தது பழைய எச்டிடிபி முகவரி என்றால் உலாவி தடுத்துவிடும். அல்லது அந்தத் தளமே தன்னை மற்றவர்களின் சன்னலுக்குள் காட்டக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கும். வங்கித் தளங்கள் அப்படித்தான், ஏமாற்றுக்காரர்களைத் தவிர்ப்பதற்காக. இரண்டாவது காரணம் என்றால் சண்டை போடாதீர்கள், இணைப்பு மட்டும் கொடுங்கள். எப்படியிருந்தாலும் பெட்டிக்குக் கீழே சோதனைக்கு ஒரு நேரடி இணைப்பு இருக்கட்டும். ஆப்லெட் குறிக்குள் "ஓடவில்லை என்றால் இதைக் காட்டு" என்று எழுத இடம் இருந்தது. ஐஃப்ரேமுக்குள் எழுதினால் இன்றைய உலாவிகள் அதைக் காட்டுவதில்லை.

தோட்டத்து லைனுக்கு மறுபடியும் பொட்டலம்தான்

இன்றைய 4ஜி வேகத்தில் பொட்டலம் எதற்கு என்று கேட்கலாம். வேகம் நன்றாக இருக்கும் இடத்தில் தேவையில்லைதான். ஆனால் சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் 40 சின்னக் கோப்புகளைக் கேட்கும் பக்கம் 38 கோப்பு வந்ததும் நின்றுபோனால், சோதனையே ஓடாது. ஒரே கோப்பு என்றால் ஒரு முறை முழுதாக வந்துவிட்டால் போதும், அதன் பிறகு லைன் போனாலும் கவலையில்லை.

ஃபெட் இங்கேதான் நல்ல வேலை செய்திருக்கிறது. அதன் எச்டிஎம்எல்5 சோதனை ஒவ்வொன்றும் ஒரே கோப்பு. நிரலும் படமும் ஒலியும் எல்லாம் அதற்குள். சில எம்பி இருக்கும். பள்ளி வைஃபையில் ஒரு முறை இறக்கி, பிள்ளைகளின் கைப்பேசிக்குப் புளூடூத்திலோ பென்டிரைவ் வழியாகவோ கொடுத்தால், வீட்டில் இணையமே இல்லாமல் ஓடும். ஃபெட் என்று பெயர் குறிப்பிட்டால் பகிர்ந்துகொள்ள உரிமமும் தடையில்லை. ஸ்கிராட்ச் விளையாட்டை இப்படி ஒரே கோப்பாக்க டர்போவார்ப் பேக்கேஜர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. எச்5பி என்ற பாடப் பொட்டலமும் ஜிப் வகைதான். இந்தியாவின் தீக்‌ஷா தளம் அதை ஏற்கிறது, தமிழ்நாட்டில் 2018 முதல் பாடநூல்களில் அச்சாகும் கியூஆர் குறியீடுகள் கொண்டுபோய் விடுவது அந்தத் தளத்துக்குத்தான்.

பழைய ஜார் கோப்பு கிடைத்தால்?

ஆசிரியர் ஒருவர் பழைய குறுந்தட்டை நீட்டி, "இதுல நல்ல சோதனை ஒண்ணு இருக்கு" என்கிறார். உள்ளே ஒரு ஜார் கோப்பு. முதலில் அதன் பிரதி ஒன்றை எடுத்து, கடைசி மூன்றெழுத்தை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே என்ன படங்கள், எத்தனை கோப்புகள், மேனிஃபெஸ்ட் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது எல்லாம் தெரியும். அந்தச் சீட்டில் தொடக்க நிரல் குறிக்கப்பட்டிருந்தால், ஜாவா உள்ள கணினியில் இரட்டைச் சொடுக்கில் தனிச் செயலியாகவே ஓட வாய்ப்பு உண்டு. ஒன்று நினைவிருக்கட்டும்: அப்படித் தனியாக ஓட்டும்போது பழைய வேலி எதுவும் கிடையாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஜார் கோப்பை அப்படி ஓட்டாதீர்கள்.

ஆப்லெட்டாக மட்டுமே எழுதப்பட்டது என்றால் சீர்ப்ஜே உதவும். லீனிங் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு. கணினியில் ஜாவா இல்லாமலே, உலாவியின் சொந்தச் சுவருக்குள் ஜாவா நிரலை ஓட்டும். ஃபெட் தன் பழைய ஜாவா சோதனைகளை உயிரோடு வைத்திருக்க இதைத்தான் பயன்படுத்தியது. ஆனால் முதல் முறை திறக்கும்போது நேரமும் டேட்டாவும் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். அதே சோதனைக்கு எச்டிஎம்எல்5 பதிப்பு இருந்தால் அதைப் போடுவதே நல்லது. ஃபிளாஷ் கோப்புகளுக்கு இதே மாதிரி ரஃபிள் என்ற திறமூலக் கருவி உண்டு.

செய்யவே கூடாதது ஒன்று: அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதற்காகப் பழைய ஜாவா, பழைய உலாவியைத் தேடி இறக்குவது, பாதுகாப்பு அளவைக் குறைப்பது. "ஜாவாவைப் புதுப்பிக்க இங்கே சொடுக்கவும்" என்று ஒரு பக்கமே துள்ளிக் குதித்துச் சொன்னால் உடனே மூடுங்கள். இன்றைய உலாவி எதற்கும் ஜாவா தேவையில்லை, அப்படிக் கேட்பது பெரும்பாலும் பொறிதான்.

பொருத்தி முடித்ததும் உங்கள் மடிக்கணினியில் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். வீட்டிலேயே பழசாக இருக்கும் கைப்பேசியை எடுத்து, வைஃபையை அணைத்து, அதில் பக்கத்தைத் திறங்கள். சோதனை முழுதாக வந்ததும் டேட்டாவையும் அணைத்துவிட்டு, மின்சுற்றின் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். விளக்கு எரிய வேண்டும்.